ஒரு புள்ளி

ஹார்ஷமில் டயர் கடை வைத்திருக்கிறேன்.
செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மட்டும்
ஷட்டரைப் பாதி இறக்கி
வானொலியை அணைத்துவிடுவது வழக்கம்.

மூன்று வருட ஒப்பந்தம் கேட்டேன்.
இரண்டுதான் என்றார்கள்.
வடக்கே கடலோரப் புது அணி நான்கு தந்தது,
நீச்சல் குளம் வைத்த வீட்டோடு.
ஏஜெண்ட் கார் பானெட்டின் மேல் காகிதத்தை விரித்தான்.
பேனா எழுதவில்லை. உதறினேன்.
அப்போதாவது யோசித்திருக்கலாம்.
எழுதிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போனது.
நான்கு வருடத்தில் மொத்தம் பதினோரு ஆட்டம்.
குளத்தில் தவளைகள் நன்றாக நீந்தின.

நான் கழற்றிப் போட்ட இருபத்தேழாம் எண் சட்டையை
கீனன் டட்டனுக்குக் கொடுத்தார்கள்;
பந்தைக் காற்றுக்கு எதிராக உதைக்கத் தெரியாத பையன்.
அடுத்த வருடமே கோப்பை.
ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.
அந்தப் புள்ளியும்
அவன் குறி தப்பி, ஓரக் கம்பத்துக்குள் உருட்டிவிட்டது.

தவறினாலும் ஒன்று தருகிற ஆட்டம் இது.
வெள்ளைக் கோட்டு நடுவர் குனிந்து
ஒற்றைக் கொடியையாவது அசைப்பார்.
நான் தவறியபோது
கம்பத்தடியில் ஆளே இல்லை.

நேற்று டட்டன் வந்தான். முன் டயர் பஞ்சர்.
பதக்கத்தை வண்டிச் சாவியோடு கோத்திருந்தான்.
'வீட்டில் வைத்தால் பிள்ளைகள் எங்காவது போட்டுவிடுகிறார்கள்' என்றான்.
சாவியை வாங்கி வண்டியை உள்ளே எடுத்தேன்,
மெதுவாக,
தேவைக்கு மேல் கொஞ்சம் மெதுவாக.

தள்ளுபடி கேட்டான்.
முழுப் பணமும் வாங்கினேன்.