பின்பக்கம் வெள்ளை

மண்டபம் மாநகராட்சியுடையது.
பேசின் பிரிட்ஜ் பக்கம்.
மின்விசிறி ஆறு, ஓடுவது நான்கு.
வாடகையும் முன்பணமும் போகக்
கையில் முப்பத்தெட்டாயிரம்.
பழைய பில் புத்தகத்தின் பின்னால்
நானும் தீனனும் ஏழு தடவை கூட்டினோம்.
ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது.
ஒரு தடவைகூட அதிகமாக வரவில்லை.

மேடை அலங்காரத்துக்கு ஒருவர்
இருபத்திரண்டு கேட்டார்.
"சிம்பிளா பண்ணா" என்று சொல்லித்தான் கேட்டார்.
டீ குடித்துவிட்டு எழுந்துவிட்டோம்.
டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
அதை வரவில் எழுதினேன்.

ஆவணி முகூர்த்தம்.
கோயம்பேட்டில் பூ விலையைக் கேட்டுவிட்டு
ஆண்டர்சன் தெருவுக்குப் போய்
க்ரேப் தாள் வாங்கி வந்தோம்.
சாமந்தி மாதிரியே வரும் என்றாள் ரெஜினா.
மூன்று இரவு மொட்டைமாடியில் கத்தரித்தோம்.
சாமந்தி வரவில்லை,
கோழிக்குஞ்சு மாதிரி ஏதோ வந்தது.
நூற்றெண்பது குஞ்சுகளையும் நூலில் கோத்தோம்.
டாங்க் வழிந்து நாற்பது நனைந்துபோனதில்
கல்யாணத்தன்றுவரை
தீனனின் விரல்கள் மஞ்சளாகவே இருந்தன.
நலங்குச் செலவு மிச்சம் என்றார்.

பாக்கி, பின்திரை.

நான் வேலை பார்ப்பது ஃப்ளெக்ஸ் கடையில்.
காதணி விழா, கட்சி, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் எழுத்து அடிப்பது நான்.
ஆடியில் ஒரு மதியம், அரைத் தூக்கத்தில்,
கோ. வரதப்பன், மின்வாரியம் (ஓய்வு) என்பவருக்குத்
தோற்றத்தையும் மறைவையும்
இடம் மாற்றி அடித்துவிட்டேன்.
பிறப்பதற்கு எழுபத்தொரு வருடம் முன்பே
அவர் இறந்துபோயிருந்தார்.
பத்துக்குப் பதினாறு சைஸ்.
மகன் வந்து பார்த்தார்.
கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
ஆகவே அந்த வரதப்பன் எனக்குச் சொந்தம்.
பின்பக்கம் முழு வெள்ளை.

அம்மாவின் கிழிந்த பட்டில்
ஜரிகை ஓரத்தை மட்டும் வெட்டி
நாலு பக்கமும் ஒட்டினோம்.
நடுவில் தெர்மோகோலில் பெயர்கள்.
தெர்மோகோல் போதாமல்
குமுதவல்லி குமுதா ஆனேன்.
தீனதயாளனில் ஒரு எழுத்தும் குறையவில்லை,
அவர் பெயரை முதலில் வெட்டிவிட்டார்கள்.

காலை ஆறரை.
வீடியோ எடுத்த இம்மானுவேல்
"பின்னாடி ஒரு லைட்டு போட்டா
சூப்பரா இருக்கும்" என்று
திரைக்குப் பின்னால் ஹாலோஜனை வைத்தான்.
வெள்ளைக்குள்ளிருந்து முதலில்
ஒரு மீசை வந்தது.
பிறகு கண்ணாடி.
பிறகு முழு வரதப்பன்,
இடவலம் மாறி,
எங்கள் இரண்டு தலைக்கும் நடுவில்
சிரித்துக்கொண்டு.

தீனன் இரண்டாவது முடிச்சில் இருந்தார்.
எனக்குச் சிரிப்பு முட்டியது.
தலையைக் குனிந்துகொண்டேன்.
வீடியோவில் அது வெட்கமாகப் பதிவாகியிருக்கிறது.

முன்வரிசையிலிருந்து தீனனின் பெரியத்தை
எழுந்து நின்று திரையைக் கும்பிட்டார்.
"அப்பாவாம்மா? நல்ல மொகம்.
இருந்து பாக்கக் குடுத்துவைக்கலயே."

என் அப்பா திருவொற்றியூரில் இருக்கிறார் என்று
பத்து வருடம் முன்பு யாரோ சொன்னார்கள்.
பத்திரிகை கொடுக்க விலாசம் இல்லை.
அத்தைக்கு நான் பதில் சொல்லவில்லை.
தலையாட்டினாய் என்கிறாள் ரெஜினா.

இம்மானுவேலிடம்
லைட்டை அணைக்கச் சொல்ல யாரும் போகவில்லை.
நானும் சொல்லவில்லை.
வந்தவர்கள் எல்லாரும்
அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் கொடுத்து முடித்தபோது
அறுநூற்று நாற்பது ரூபாய் மிஞ்சியது.
கோழிக்குஞ்சுகளைப் பக்கத்து வீட்டுப் பையன்கள்
சைக்கிளில் கட்டிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழைக்குப் பேனரைச்
சமையலறை ஆஸ்பெஸ்டாஸ் மேல் விரித்தோம்.
எந்தப் பக்கம் மேலே என்று
ஏணியில் நின்று கேட்டார் தீனன்.
வெள்ளைப் பக்கம் என்றேன்.

ஓட்டில் ஒரு விரிசல் இருக்கிறது.
அடுப்பருகே நின்றால் அதன் வழியே
மூக்குக் கண்ணாடியின் ஒரு முனை தெரியும்.
உலை கொதிக்கும்வரை
சில நாள் நிமிர்ந்து பார்ப்பதுண்டு.
இதுவரை ஒழுகவில்லை.