நூற்றுக்கு ஒன்பது

செப்டம்பர் பாதியில் எங்கள் பள்ளியைப் பூட்டிவிடுவார்கள்,
மூன்று வாரம், உருளைக்கிழங்குக்காக.
வடக்கு மெய்னில் இதற்கு விடுமுறை என்று பெயர்.
விடியுமுன் அறுவடை எந்திரத்தின் முதுகில் ஏறி
ஓடும் பட்டையின் முன் நிற்கிறேன்.
கிழங்கைப் போகவிட வேண்டும், கல்லை எடுத்து எறிய வேண்டும்.
எதிரில் நிற்கும் ரோஸ்மாண்ட் சியருக்குப் பத்து விரலும் கண்.

இரவில் வேறு பட்டை.
ஒன்பது கல்லூரிகள், ஒரு எக்செல் தாள், மூன்று நிறம்.
பச்சை என்றால் கிடைத்துவிடும்.
மஞ்சள், பார்க்கலாம்.
சிவப்புக்கு ஏணி வேண்டும்.
சிவப்பில் முதலாவது தார்ன்பரி:
ஆயிரத்து எண்ணூறு மாணவர்கள், ஓர் ஏரி,
கிரேக்கம் கற்பிக்க மட்டும் நான்கு பேர்.
நூறு பேர் தட்டினால் ஒன்பது பேருக்குக் கதவு.

அந்த ஒன்பதை உரித்துப் பார்த்தேன்.
ஹாக்கி மட்டையோடு வருகிறவர்களுக்கு இரண்டு,
அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றரை,
கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பத்துக்கு
எவ்வளவு போடுவதென்று தெரியாமல் ஒரு கால்.
பணம் கேட்கிறாயா என்று பார்க்க மாட்டோம் என்கிறார்கள்.
நம்புகிறேன்,
திங்கள் முதல் வியாழன் வரை.

பிறகு என் பக்கம் கூட்டினேன்.
எங்கள் மாவட்டத்திலிருந்து யாரும் கேட்பதில்லை: ஒன்று.
அப்பா மரலாரி ஓட்டுகிறார்: அரை.
வீட்டில் பேசுவது பிரெஞ்சு: கால்,
அதுவும் தார்ன்பரி வகுப்பில் சிவப்பு மையால்
திருத்தப்படும் பிரெஞ்சு.
கால்குலஸ் எங்கள் பள்ளியில் இல்லை, ஆசிரியர் கிடைக்கவில்லை.
இல்லாத வகுப்பை எந்தக் கட்டத்தில் எழுத?
அப்பாவின் முதுகெலும்பைக் கட்டுரையில் வைத்தால்
இன்னும் எவ்வளவு கூடும்?
அந்தக் கட்டத்தை அழித்தேன்.
பல் விளக்கிவிட்டு வந்து
திரும்பப் போட்டேன்.

ஆலோசகர் ப்ளூர்ட் செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவார்.
"உனக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, டெல்ஃபின்" என்றார்.
அவர் மேசையில் இருந்த மற்ற இரண்டு கோப்புகளுக்கும்
அதே குரல்தான் கொடுத்திருப்பார்.
போன வருடம் என்னைவிட மதிப்பெண் வாங்கிய ஏமஸ் டூபே
இப்போது கிழங்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
சோகமாக இருப்பான் என்று போனேன், சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.
"என் கணக்கு சரிதான்" என்றான்.
"அவங்க வேற கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க."

வெள்ளிக்கிழமை மழை.
கல்லும் கிழங்கும் ஒரே சேற்றுச் சட்டையில் வந்தன.
முதலாளி வேகத்தைக் குறைக்கவில்லை, பனி விழுமுன் முடிக்க வேண்டும்.
ஒன்றை எடுத்து வீசினேன்.
கையை விட்ட நொடியில்தான் எடை சொன்னது, கிழங்கு.
வரப்பில் விழுந்து இரண்டாகப் பிளந்தது,
உள்ளே அவ்வளவு வெள்ளை.
ரோஸ்மாண்ட் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
எந்திரம் நிற்கவில்லை.

ஒரு விண்ணப்பத்துக்கு எட்டு நிமிடம் என்கிறார்கள்.
ஏரியைப் பார்த்த ஏதோ ஓர் அறையில்
நாலு மணிக்குக் கண் எரிய, ஆறிய காபியோடு ஒருவர்,
அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை.
தட்டிப் பார்த்தால் கல் சத்தம் கொடுக்கும், கிழங்கு கொடுக்காது.
தட்டிப் பார்க்க நேரம் வேண்டும்.
அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
அதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு, நூலகம் மூடியிருந்தது.
அதன் வைஃபை மட்டும் வாகன நிறுத்தம் வரை எட்டும்.
அம்மா இஞ்சினை அணைக்காமல் ஹீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
தார்ன்பரியின் கட்டத்தில் நாலு புள்ளி ஆறு.
கூட்டவில்லை, குறைக்கவில்லை.
அப்பாவின் முதுகைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டு
பிளந்த கிழங்கைப் பற்றி எழுதியிருந்தேன்.
இது எவ்வளவு பெறும் என்று தெரியாது.
அனுப்பினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது, நின்றது.

"எத்தனை சதவீதம்?" என்றாள் அம்மா,
நாளைக்கு மழை உண்டா என்று கேட்கிற மாதிரி.
"அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி."
"அது பரவாயில்லையா?"
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தெரியலம்மா என்றேன்.
காலையில் கூடுதலாக ஒரு ஜோடி கையுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்
ரோஸ்மாண்ட்.