வளையத்துக்குக் காசு

சீட்டு விழுந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
சம்பளத் துண்டின் பின்பக்கம்
பென்சிலால் கோடு போட்டேன்.

துவக்குக்குச் செலவில்லை.
அது கழகத்துச் சொத்து,
தியத்தலாவையில் இரும்பு அலுமாரிக்குள் தூங்குகிறது,
என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
குழல் தேய்ந்திருக்குமோ என்றதற்கு
செயலாளர் விஜேகோன் சிரித்தார்:
"நீ தேயும்வரை தாங்கும்."

முதலில் தொலைநோக்கி.
கொழும்பில் புதிது மூன்று லட்சம்.
பதுளையில் ஒருவரிடம் பழையது இருந்தது.
ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்:
உள்ளே, கண்ணாடி ஓரத்தில்
சிலந்திக்கால் போல வெள்ளைப் பூஞ்சணம்.
இந்த மலையில் சப்பாத்துக்குப் பூக்கும்,
கல்யாணப் படத்துக்குப் பூக்கும்,
இதற்கு மட்டும் பூக்காதா?
நடு தெளிவு. அது போதும்.
குமிழைத் திருகினேன், ஒவ்வொரு சொடுக்கும்
விரல்நுனிக்குத் தனித்தனியாகக் கேட்டது.
எழுபதாயிரத்துக்கு முடித்தோம்.

அதைப் பிடித்துவைக்க வளையங்கள் இரண்டு.
இங்கேதான் எல்லாரும் மிச்சம் பிடிப்பார்கள்.
போன வருஷம் நானும் பிடித்தேன்.
இருநூறு மீட்டரில் அது தெரியவில்லை.
அறுநூறில் பலகையை விட்டுவிட்டு
பின்னாலிருந்த மண்மேட்டைச் சுட்டேன்,
பத்தும் பத்துப் பக்கம்.
மூச்சை விசாரித்தேன், தோளை, விரலை,
முந்தின இரவின் தூக்கத்தை.
வளையத்தை யாரும் விசாரிக்கவில்லை.
இந்தமுறை அதற்கு இருபத்திரண்டாயிரம்.
எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது.

முன்கால்கள் இரண்டையும் நானே செய்தேன்,
ஃபெக்டரியில் கழித்துப்போட்ட உருட்டு மெஷினின் பித்தளையில்.
டீமேக்கர் பார்த்தார், கேட்கவில்லை.
பின்பக்கப் பைக்கு
என் பழைய காற்சட்டையின் ஒரு காலை
அமராவதி மூட்டித் தந்தாள்.
எதை நிரப்புவது?
அரிசிக்கு வண்டு வரும்.
தேயிலைத் தூசு சும்மா கிடைக்கும்,
ஆனால் மழையைக் குடித்து ஊதிவிடும்.
கடைசியில் ஆற்றுமணல், சலித்து, வறுத்து.
சட்டி கெட்டதற்கு அவள் சொன்னதை
இங்கே எழுதவில்லை.

படுக்க ஒரு பாய்: மூவாயிரத்துத் தொளாயிரம்.

கழகத்துக் கடிதத்தின் போட்டோகொப்பி பத்து: நூறு ரூபாய்.
இருப்பதில் மலிவான கருவி,
அதிகம் தேய்வதும் அதுதான்.
அப்புத்தளைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி
துவாய்க்குள் சுற்றியதை விரிக்கச் சொன்னார்கள்.
இது என்ன?
கண்ணாடி ஐயா.
எதைப் பார்க்க?
பலகையை.
அடையாள அட்டையில் என் பெயரை
மூன்றுதரம் வாசித்தார்,
தொலைநோக்கியை ஒருதரம்.
கடிதம் இருந்தது. பஸ் புறப்பட்டது.
பக்கத்து இருக்கைக்காரர் மட்டும்
எழும்பிப்போய் முன்னால் நின்றுகொண்டார்.

மீதி எண்பத்துநாலாயிரம், எல்லாம் ரவைக்கு.
ஒன்று அறுநூறு.
நூற்று நாற்பது தடவை பிழைவிடலாம்.

காற்றை அளக்கும் கருவிக்கு இடமில்லை துண்டில்.
பள்ளத்தின் அந்தப் பக்கம் கிரவிலியா மரங்கள்.
இலை புரண்டு வெள்ளி காட்டினால் ஒரு கணக்கு,
பாதி புரண்டால் வேறு.
தேயிலைச் செடி எதுவும் சொல்லாது,
அதற்குத் தலை வெட்டிப் பழகிவிட்டது.

சனிக்கிழமை, காலை ஏழு இருபது.
பலகையை மூடுபனி எடுத்துக்கொண்டது.
பாயில் கிடந்தேன், வயிற்றுக்குக் கீழே குளிர்
மூவாயிரத்துத் தொளாயிரத்தையும் தாண்டி வந்தது.
நாற்பது நிமிடம்.
பிறகு ஒரு கிழிசல்; அதற்குள் வெள்ளைச் சதுரம்.
மரங்கள் பாதி வெள்ளி.
இடப்பக்கம் நாலு சொடுக்கு.
இல்லை, மூன்று.
விட்டேன்.

குண்டு போய்ச் சேர்ந்ததோ இல்லையோ,
பனி மறுபடி மூடியது.
குழியில் இருந்தவன் தட்டைத் தூக்கியிருப்பான்,
எனக்குத் தெரியவில்லை.
விஜேகோனின் வோக்கிடோக்கி கரகரத்து
"அட" என்றது.

வியப்பில்லை. சிங்களத்தில் எட்டு.

நூற்று முப்பத்தொன்பது மிச்சம்.