பச்சை

எதிர்சேவை முடிந்து அழகர் தல்லாகுளத்தில் இருக்கிறார் என்று
பிரிஸ்கில்லா செய்தி அனுப்பியபோது
நாகமலை அடிவாரத்தில், இரண்டாம் மாடி ஆய்வகத்தில்,
தொண்ணூற்றாறு குழித் தட்டை
இன்குபேட்டரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.
வெளியே நள்ளிரவிலும் முப்பத்துநாலு டிகிரி.
உள்ளே எப்போதும் முப்பத்தேழு.
சித்திரை தெரியாத செல்கள்.
கரண்டு போனால்தான் அவற்றுக்குப் பருவம் மாறும்.

யாருடைய ரத்தக்குழாயோ.
தொப்புள்கொடியிலிருந்து உரித்தெடுத்த உட்சுவர்.
குப்பியில் எண் உண்டு, பெயர் இல்லை.
அந்தப் பிள்ளை இந்நேரம் எங்கோ
ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்.
அதன் ஒரு துணுக்கை நான் இங்கே
பெராக்சைடு ஊற்றி வதைக்கிறேன்.
சலூனில் முடி வெளுக்கிற அதே சரக்கு,
நன்றாக நீர்த்தது.

பாதிக் குழிகளில் முந்தின நாளே போட்டுவைத்திருந்தேன்
ஓட்ஸிலிருந்து பிரித்த அவெனாந்த்ரமைடை.
வாயில் நுழையாத பெயர்தான்.
பதினாலு மாதம் சொல்லிச் சொல்லி
அத்தை மகன் பெயர்போல் ஆகிவிட்டது.

அந்தப் பயிர் இதை நமக்காகச் செய்யவில்லை.
குளிர் நாட்டு வயலில்
இலை மேல் துருநோய் ஏறும் ராத்திரி
தனக்குத்தானே காய்ச்சிக்கொண்ட கஷாயம் அது.
இரும்பில் பிடிப்பதும் துரு, இலையில் பிடிப்பதும் துரு.
எங்கள் அப்பாவின் நெஞ்சுக்குழாயில் பிடித்ததை
டாக்டர் வேறு பெயரில் எழுதினார்.

அப்பா சிம்மக்கல்லில் பரோட்டா மாஸ்டர்.
முப்பது வருஷம் கல்லுக்கு முன்னால் நின்று
எண்ணெய்ப் புகையைக் குடித்தவர்.
ஸ்டென்ட் வைத்த பிறகு காலையில் ஓட்ஸ்.
முதல் நாள் கரண்டியால் தூக்கிப் பார்த்துச் சொன்னார்:
"இத வச்சு டவுன்ஹால் ரோடு பூரா
போஸ்டர் ஒட்டலாம்த்தா."

விளக்கை அணைத்துத் தட்டைக் கருவிக்குள் தள்ளினேன்.
செல்லுக்குள் விட்ட சாயம் சும்மா கிடக்கும்,
எரிச்சல் தொட்டால் பச்சையாய் ஒளிரும்.
பச்சை கூடினால் வேதனை கூடுகிறது என்று அர்த்தம்.
இடது பக்கம் நெல் வயல்போல் பச்சை.
வலது பக்கம் மங்கல்.
இருட்டைப் பார்த்துக் கைதட்டியது
என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அந்தப் பொருள் தானே போய் நெருப்பை அணைக்கிறதா,
தூங்கும் செல்லை எழுப்பி
நீயே அணை என்கிறதா,
எனக்குத் தெரியாது. என் வழிகாட்டிக்கும் தெரியாது.
ஓரத்துக் குழிகள் காய்ந்துபோய் எண் கெட்டிருந்தது.
இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டும்.
அதோடு நான் ஊற்றிய அளவு
ஒரு கிண்ணக் கஞ்சியில் ரத்தத்துக்கு வராது.
வருவது ஒரு சிட்டிகை.
அதுவும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும்.

நோட்டில் இவ்வளவும் எழுதிவிட்டு
நாலு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தேன்.
ஆழ்வார்புரத்துக்கு முன்பே கூட்டம் அடைத்துவிட்டது.
தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர்
கண்ணாடியை நனைத்தது, ஒன்றும் தெரியவில்லை.
அப்போதுதான் ஆற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்,
பிறகு ஆயிரம்:
"பச்சைப் பட்டு! பச்சைப் பட்டு!"

பக்கத்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
வருஷம் செழிக்கும் என்றாள்.
எனக்கு ஒரு நொடி
வயிற்றில் என்னமோ கவிழ்ந்தது.
அய்யோ, எத்தனை பச்சை!
பிறகுதான் ஊர் ஞாபகம் வந்தது.

திருவிழாவுக்குக் கடை ராத்திரி பூரா.
அப்பா பனியனோடு கல்லை வழித்துக்கொண்டிருந்தார்.
"என்னத்தா, அந்த ஓட்ஸ் வேலை செய்யுதா?"
"தட்டுல செஞ்சதுப்பா."
"தட்டுலயா?"
அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.
"நான் தட்டுல இல்லையேத்தா."

சரியான கேள்வி. பதில் இல்லை.
டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன்.
இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு
சால்னாவில் ஒரு கரண்டி மொண்டு
அதன் மேல் ஊற்றிக்கொண்டார்.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.