மீதி நாலு

உறைகள் பறந்துவிடும் என்பதால்
மின்விசிறியை அணைத்திருக்கிறேன்.
இருவருக்கும் வியர்க்கிறது.

ஐம்பது தாள், ஐம்பது உறை.
மூன்றாய் மடித்து உள்ளே போட வேண்டும்.
ஸ்டாப்வாட்ச் என் கையில்.
முனிரத்தினம், நாற்பத்தேழு, ஸ்ரீராமபுரம்.
பத்தொன்பது வருடம் கண்டக்டர்,
பதினாலு மாதமாக வீடு.
இருபத்திரண்டாவது உறையில் நிமிர்ந்து பார்க்கிறார்:
"இதெல்லாம் யாருக்குப் போகுது மேடம்?"

யாருக்கும் இல்லை.
சாயங்காலம் நானே பிரித்து, மடிப்பை நீவி,
நாளை வருகிறவருக்காக அடுக்கி வைப்பேன்.
அதைச் சொல்லவில்லை.
கவனச் சிதறல், ஒருமுறை
என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது நினைவு.
பழகிய வரிசை ஏதாவது சொல்லுங்கள் என்றால்
கிழமை சொல்வார்கள், மாதம் சொல்வார்கள்,
ஒருவர் தன் கடன்காரர்களைச் சொன்னார்.
இவர் கண்ணை மூடிக்கொண்டு
மெஜஸ்டிக், மைசூர் பேங்க், கார்ப்பரேஷன், டவுன் ஹால்,
லால்பாக், சவுத் எண்ட், ஜெயநகர் என்றார்.

காலையில் அதே பஸ்ஸில்தான் வந்தேன்.
ஒன்று விட்டுப்போயிற்று.
இன்னொரு தரம், என்றேன்.
டவுன் ஹாலில் இழுத்த மூச்சை
லால்பாக்கில்தான் விட்டார்.

கோப்பில் இருக்கிறது, மினர்வா சர்க்கிள்.
மழை. படிக்கட்டு. தலையின் இடப்பக்கம்.
ஒரு தவறுக்கு ஒரு மதிப்பெண் என்கிறது கையேடு.
கழித்தேன்.
அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

டிப்போவுக்கு ஒரே ஒரு எண் போதும்,
வெள்ளிக்கிழமைக்குள்.
அதை வைத்து லைட் டியூட்டியா,
கணக்கு முடித்து அனுப்புவதா என்று
என்னைப் பார்க்காத, இவரைப் பார்க்காத ஒருவர்
முடிவு செய்வார்.
வெளியே பெஞ்சில் கோகிலவாணி,
மடியில் எக்ஸ்ரே கவர்.

கடைசிக் கேள்வி.
"வேலைக்குத் திரும்ப எவ்வளவு தயார்?
சுழியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்க."
எல்லோரும் பத்து என்பார்கள்.
வாடகை அப்படிச் சொல்ல வைக்கும்.
இவருடைய இடது கை
தோளில் தொங்காத பையைத் துழாவிவிட்டு
மேசைக்குத் திரும்பியது.

"ஆறு மேடம்."
கொஞ்சம் பொறுத்து,
"மீதி நாலை டிக்கெட் பின்னாடி எழுதிக் குடுத்துடுங்க.
இறங்கறப்போ வாங்கிக்கிறேன்."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.
சில்லறை கிடைக்காத காலை நெரிசலில்
எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருப்பார்,
எத்தனை பேர் கேட்க மறந்து
தங்கள் ஸ்டாப்பில் இறங்கிப் போயிருப்பார்கள்.
நானும்தான், போன வாரம், மூன்று ரூபாய்.

படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் அச்சு எதுவும் இல்லை.
4 என்று எழுதி, அதைச் சுற்றி
அவசரமாய் ஒரு வட்டம் போட்டேன்,
ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போடுவார்களே,
அந்த மாதிரி கோணலாக.

கதவைத் திறந்ததும்
கோகிலவாணி எழுந்து நின்று
"எவ்வளவு?" என்று கேட்டார்.