கைக்குட்டைப் பயிற்சி

ஹாலிஃபாக்ஸ், 1909

புதிய உடற்பயிற்சிப் பாடத்திட்டம்
லண்டனிலிருந்து தபாலில் வந்தது.
தலைமையாசிரியர் கிளெக் அதை
இரு கையிலும் ஏந்திக் கொண்டுவந்தார்,
அடுப்பிலிருந்து இறக்கிய தட்டைப் போல.

ஆப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுத்தபோது
தேசத்தின் மார்பை அளந்து பார்த்தார்களாம்.
நாடா மிச்சமாகிவிட்டதாம்.
அதனால் இனி வாரம் மூன்று நாள்
மூச்சு விடக் கற்றுத்தர வேண்டும், நான்.

முதலில் மூக்கு.
"கைக்குட்டை, எடு!"
நாற்பத்தேழு பிள்ளைகள். கைக்குட்டை ஒன்பது.
மற்றவர்கள் சட்டை வாலை எடுத்தார்கள்,
ஆலைத் தரையில் பொறுக்கிய கம்பளித் துணுக்கை எடுத்தார்கள்.
ஹெட்டி மட்டும் வெறும் உள்ளங்கையை
மடித்தாள், விரித்தாள், ஒழுங்காக மறுபடி மடித்தாள்.
"இடது பக்கம், சிந்து!"
யாரோ சிரித்தார்கள்.
நான்தானோ என்னவோ.

அரைநாள் பிள்ளைகள் மதியம்தான் வருவார்கள்.
காலை ஆறு மணிக்கே ஆலை.
நூற்பு எந்திரத்தின் அடியில் புகுந்து புகுந்து
முதுகு அந்த வளைவிலேயே தங்கிவிட்டது.
புத்தகம் சொல்கிறது: முன்னே குனியப் பழக்கு.
இவர்களையா?

"மூச்சை இழு."
இழுத்தார்கள், பதினெட்டுப் புகைபோக்கிகளின் காற்றை.
"பிடி."
வில்ஃப் சக்டன் பிடித்தான்.
பிடித்தபடியே
சுண்ணாம்புக் கட்டத்துக்கு வெளியே விழுந்தான்.
மூன்றாவது கட்டளைக்கு நான் வரவேயில்லை.

அடுத்த மாதம் மருத்துவ அதிகாரி.
நாக்கு, பல், விலா.
"என்ன சாப்பிட்டாய்?"
"நேற்றா, இன்றைக்கா, சார்?"
அவர் பேனாவை மூடிவைத்து
சன்னலைப் பார்த்தார் கொஞ்ச நேரம்.

பிறகு பட்டாணி சூப் வந்தது, ரொட்டியோடு,
திங்கள் முதல் வெள்ளி வரை.
சனி ஞாயிறு பசிக்காது என்று
எந்தக் குழு தீர்மானித்ததோ.

நானும் ஒரு சின்ன விதி செய்துகொண்டேன்.
அட்டவணையில் ஒன்றரைக்குப் பயிற்சி.
நடத்தியது இரண்டேகாலுக்கு.
இடைப்பட்ட நேரம் அவர்கள்
மேசையில் கன்னம் வைத்துத் தூங்கினார்கள்.
பதிவேட்டில் அதன் பெயர்: சுவாசப் பயிற்சி.
ஆய்வாளர் அதைத்தான் பாராட்டி எழுதினார்,
"சீரான, ஆழ்ந்த சுவாசம்" என்று.

ஆறு வருடம் போயிற்று.
ஜனவரி மாலை, வாசலில் வில்ஃப்,
பித்தளைப் பொத்தான் வைத்த காக்கியில்.
"முப்பத்தாறரை அங்குலம், மிஸ்!
நீங்கள் சொன்ன மாதிரியே
இழுத்தேன், பிடித்தேன்.
டாக்டர் எழுதி முடிக்கிற வரைக்கும் விடவே இல்லை."

பையிலிருந்து ஒரு கைக்குட்டை எடுத்துக் காட்டினான்.
அம்மா வாங்கித் தந்ததாம்.
வெள்ளை. மடிப்புக் கலையாதது.

நன்றாக இருக்கிறது என்றேன்.
அவன் இன்னும் மார்பை
இறக்காமல் நின்றுகொண்டிருந்தான்,
நான் சொல்வதற்காக.