நடக்கும் பொடுகு

கயானி நகரில் அக்டோபர் கடைசியில்
ரேடியேட்டர்கள் விழித்துக்கொள்ளும்.
இரும்புக்குள் தண்ணீர் முனகக் கேட்டதும்
நோகி போய் அதனடியில் சுருண்டுவிடுவாள்.
நோகி என்றால் எங்கள் மொழியில் புகைக்கரி.
அவ்வளவு கறுப்பு.

அந்தக் கறுப்பில்தான் முதலில் பார்த்தேன்,
வாலுக்குச் சற்று மேலே,
மாவு பிசைந்த கையை யாரோ
அங்கே தட்டிவிட்டுப் போனது போல.

வறட்சி என்றேன்.
ரேடியேட்டர் மேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன்.
தீனியில் ஒரு கரண்டி மீன் எண்ணெய்.
ஓட்ஸை அரைத்து, வடிகட்டி,
வெதுவெதுப்பாக முதுகில் ஊற்றி
குளியலறைத் தரையில் பத்து நிமிடம்
அவளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன்.
அவள் ஓட்ஸை நக்கினாள்.
நான் கடிகாரம் பார்த்தேன்.

ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் இல்போவிடம்.
விவாகரத்தில்
சோபா, படகு, சேமிப்பு எல்லாம் இரண்டாயின.
வாஷிங் மெஷின் அவனுக்கு, காபி மெஷின் எனக்கு.
நாயை மட்டும் வகுக்க முடியவில்லை.

அவள் பையில் ஒரு நோட்டு போய்வரும்.
“எந்த ஷாம்பூ போடுகிறாய்?”
“என்னுடையதைத்தான். தார் ஷாம்பூ.
என் தலையில் பொடுகே இல்லை.”
“அது உன் தலை.”
“உன் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கிறது.”
பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில்
இவ்வளவு எழுதிக்கொண்டதில்லை நாங்கள்.

டாக்டர் வூக்கோ பேன்சீப்பால் முதுகை வாரி
கறுப்புக் காகிதத்தில் தட்டினார்.
விளக்கைத் தாழ்த்தினார்.
“பொறுங்கள்” என்றார்.

ஒரு செதில் நகர்ந்தது.

காற்றில்லை. நான் மூச்சுக்கூட விடவில்லை.
இன்னொன்றும் நகர்ந்தது,
அவசர வேலை இருப்பது போல, காகிதத்தின் ஓரத்துக்கு.
செதிலைத் தலைமேல் சுமந்தபடி
அடியில் ஒரு சிற்றுண்ணி.

“வீட்டில் யாருக்காவது அரிப்பு?”
சட்டைக் கையை ஏற்றினேன்.
முழங்கைக்கு உள்ளே மூன்று சிவப்புப் புள்ளிகள்.
தனியாகத் தூங்குவதால் வரும் அரிப்பு என்று
ஒரு மாதம் முழுக்க நம்பியிருந்தேன்.
சிரிக்காதீர்கள்.

“வேறு பிராணி உண்டா? பூனை? முயல்?”
“முயலா?”
“முயலிடமிருந்தும் தொற்றும்.”

அன்றிரவு நோட்டில் ஒரே சொல்:
முயல்?

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது,
பென்சிலில், இரண்டு முறை அழித்து எழுதியது.
“பெயர் நாப்பி. இரண்டு வயது. தொங்கு காது.
ராக்கேலுடையது.
செப்டம்பரிலிருந்து.”

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல
அவனுக்கு ஒரு முயலின் வயது தேவைப்பட்டது.

இரண்டு வீட்டிலும் ஒரே நாளில்
மருந்து போட வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.
படுக்கை, கம்பளம், கார் இருக்கை எல்லாம்
கொதிநீரில் துவைத்தோ உறிஞ்சியோ எடுக்க வேண்டும்.
ஒரு வீடு சோம்பினால்
மறு வீட்டுக்கு நடந்து வந்துவிடும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு
போனை ஸ்பீக்கரில் போட்டு
தலையணை உறைகளை உரித்தேன்.
“போட்டாயா?”
“போட்டேன். முயலுக்கு வேறு மருந்து.”
பின்னாலிருந்து ஒரு குரல்:
“சோபாத் துணியை மறந்துவிட்டோமே, இல்போ.”
எனக்கும் அது நினைவில் இல்லை.
எழுந்துபோய் உருவினேன்.

அவன் மெஷின் சுழலும் சத்தம் போனில் வந்தது.
“இன்னும் இடப்பக்கம் துள்ளுகிறதா?”
“துள்ளுகிறது.”
“அட்டையை மடித்துக் கீழே வை” என்றேன்,
யாருக்குச் சொல்கிறேன் என்று யோசிக்காமல்.
“எத்தனை மடிப்பு?” என்று கேட்டது
ராக்கேல்.

“நான்கு.”

ஜனவரியில் கடைசி மருந்து.
கைப்புள்ளிகள் தாமே மறைந்தன.
நேற்றிரவு மறுபடி சீப்பால் வாரி
கறுப்புக் காகிதத்தில் தட்டி
விளக்கடியில் கால்மணி நேரம் குனிந்திருந்தேன்.
ஏழெட்டுச் செதில்கள்.
போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தன.

வெறும் வறட்சி.

கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பினேன்.
நோட்டை எடுத்து “நகரவில்லை” என்று எழுதினேன்.
பிறகு, கொஞ்சம் இடம் விட்டு,
“நாப்பிக்கு எப்படி?”